பின் தார்சாவின் கதை

(பங்கு இல்லத்தின் பின் தார்சா புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்ட நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பங்குத்தந்தை பேச எழுந்தால் கோபுரத்தைப் பற்றிப் பேசுவார், கொடிமரத்தைப் பற்றிப் பேசுவார், முன்னிருந்த குருக்களின் அரும்பணிகளை நினைவுகூர்வார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றையெல்லாம் நம் யூபிலி மலரில் என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் எழுதுகிறார்கள். நாம் இன்று கூடியிருப்பது ஒரு பின் தார்சாவில். 32 அடி நீளம், 9 அடி அகலம், ஆறு தூண்கள், ஓட்டுச் சாய்ப்பு. இதைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். இதில் என்னுடைய தவறு ஒன்றும் அடங்கியிருப்பதால், அதை நானே சொல்லிவிடுவதுதான் முறை.

நீங்கள் 'சாமி பங்களா' என்று அழைக்கும் இந்த இல்லம் நூறு வயதைக் கடந்தது. முன்பக்கத்திற்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. ஆண்டுதோறும் திருவிழாவிற்கு முன் வெள்ளையடிப்பு, கதவுகளுக்கு வர்ணம், படிகளுக்குக் கோலம். பின் தார்சாவின் நிலை வேறு. உடைந்த பெஞ்சுகள், சப்பரத்தின் பழைய சட்டங்கள், குடில் கட்டிய மூங்கில்கள், ஊமையாகிப்போன ஒலிபெருக்கிக் குழாய்கள் ஆகிய அனைத்தும் இங்கேதான் வந்து சேர்ந்தன. கூடத்திலிருந்து இங்கே வரும் நடுக்கதவு எப்போது பூட்டப்பட்டது என்று கோயில்பிள்ளைக்கும் தெரியவில்லை. சாவியும் இல்லை. பூட்டு இருந்தது; அதுவும் துருப்பிடித்து நாதாங்கியோடு ஒன்றாகிவிட்டது.

நான் இந்தப் பங்கிற்கு வந்த முதல் ஆண்டில், பின்சுவரின் அடிப்பகுதியில் காரை உதிர்ந்து, ஈரம் மூன்றடி உயரத்திற்கு ஏறியிருப்பதைக் கண்டேன். ஆயர் வருகைக்குப் பத்து நாட்களே இருந்தன. உடனே ஆள் வைத்து, உதிர்ந்த இடமெங்கும் சிமெண்டுப் பூச்சுப் பூசி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டேன். பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது. செய்த வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு வந்தது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம் மாவட்டத்தார் யாரும் மறக்க மாட்டோம். எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் ஆடுமாடுகளையும் இழந்து நின்றபோது, நம் தார்சாவின் கிழக்கு மூலை சரிந்ததை ஒரு பெரிய இழப்பாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூலை சரிந்தபோது, நான் பூசிய சிமெண்டுப் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. அதன் பின்னால் இருந்த செங்கல், கையால் தொட்டால் உதிரும் பொடியாக இருந்தது.

தண்ணீர் வடிந்தபின் நாங்கள் அழைத்து வந்த கொத்தனார் வயதில் மூத்தவர். சுண்ணாம்பு வேலையிலேயே வளர்ந்தவர். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். பொடியை விரலில் எடுத்து நாவிலும் வைத்துப் பார்த்தார். பின் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சாமி, இந்தச் சிமெண்டுப் பூச்சு யாரு செஞ்ச வேலை?"

"நான்தான் செய்யச் சொன்னேன், அண்ணாச்சி" என்றேன்.

"இது சுண்ணாம்புச் சுவரு, சாமி. மூச்சு விடுற சுவரு. அதுக்கு வாயையும் மூக்கையும் சேத்துப் பொத்திட்டீங்களே!"

குருமடத்தில் நான் தத்துவமும் இறையியலும் பயின்றேன். சுவரைப் பற்றிய பாடத்தை என் ஐம்பது வயதிற்குப் பிறகு இந்த அண்ணாச்சியிடம்தான் பயின்றேன். உங்களில் பலர் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் வாழ்கிறீர்கள். ஆகவே அவர் சொன்னதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

பழைய செங்கற்சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அது சுவரின் இயல்பு. சுண்ணாம்புக் காரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால், உறிஞ்சிய ஈரம் ஆவியாக வெளியே போய்விடும். சிமெண்டுப் பூச்சோ இறுக்கமானது. அதன் பின்னால் அகப்பட்ட ஈரம் வெளியேற வழியின்றி மேலே மேலே ஏறுகிறது. ஈரத்தோடு வந்த உப்பு, பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவே பூத்து, செங்கலையே அரித்துவிடுகிறது. பழைய ஆடையில் கோடித் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்கு விளக்கியிருக்கிறேன். அதையே என் கையால் இச்சுவரில் செய்திருக்கிறேன் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இந்தத் தார்சா கெட்டதற்கு மூன்று காரணங்கள் என்று கொத்தனார் கணக்குச் சொன்னார்.

முதலாவது, தண்ணீர். சாய்ப்பின் ஓடுகள் சில நழுவியிருந்தன. ஓட்டிலிருந்து விழும் நீர் வடிய வாட்டம் இல்லாமல் சுவரடியிலேயே தேங்கியது.

இரண்டாவது, மண். வெளியே ஆண்டுக்காண்டு கொட்டிய குப்பையும் மண்ணும் சேர்ந்து, கொல்லைப்புறத் தரை தார்சாவின் தரையைவிட அரை அடி உயர்ந்துவிட்டது. ஈரமும் கரையானும் நடந்து வர நாமே பாதை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது, அந்தப் பூட்டிய கதவு. "முன்வாசல் காத்து கூடம் வழியா இங்க வரணும்னுதான் அந்தக் காலத்துல கதவுகளை நேருக்கு நேரா வச்சான். நடுக்கதவைப் பூட்டினா காத்து எப்படி வரும்? காத்து வராத இடத்துல கரையான்தான் வரும், சாமி" என்றார்.

வைகாசியில் வேலை தொடங்கியது. முதல் வாரம் முழுவதும் வாரிக் கொட்டும் வேலைதான். நம் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் குப்பையை அகற்றி, கொல்லைமண்ணை வெட்டி, நீர் ஓட வாட்டம் கொடுத்து வாய்க்கால் எடுத்தார்கள். பின் சிமெண்டுப் பூச்சு முழுவதையும் உளியால் கொத்தி எடுத்தோம். அதன்பின் கொத்தனார் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. "இனி ரெண்டு மாசம் சுவரைத் தொடாதீங்க. ஆனி, ஆடிக் காத்து அடிக்கட்டும். அதுவே பாதி வேலையைச் செஞ்சிரும்" என்றார். யூபிலிக்குள் முடிய வேண்டுமே என்ற அவசரம் எனக்கு. அவசரப்பட்டுத்தானே முதல் தடவை கெடுத்தேன்! பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்த இரண்டு மாதங்களில் மேற்கூரை வேலை நடந்தது. கரையான் அரித்த கைமரங்களுக்குப் பதிலாக வைரம் பாய்ந்த பனங்கைகள் தேவைப்பட்டன. பனை நம் தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்ததும் உங்களுக்குத் தெரியும். இருக்கும் பனைகளையும் வெட்டிவிட்டு யூபிலி கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து ஊரில் இடித்த ஒரு பழைய வீட்டின் பனங்கைகளை விலைக்கு வாங்கினோம். பல்லாண்டு காலம் கூரையைத் தாங்கிய மரம், இரும்பு போல இருந்தது. ஆசாரியின் உளிதான் இரண்டு முறை மழுங்கியது.

ஓடுகளை இறக்கிக் கழுவியபோது, சிலவற்றின் அடியில் பாசல் மிஷன் முத்திரை தெரிந்தது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் தொடங்கிய ஓட்டுத் தொழிலின் வழிவந்த ஓடுகள் அவை. இத்தனை காலமும் கத்தோலிக்கக் குருவின் தலைக்கு மேல் கூரையாக இருந்தது பிராட்டஸ்டண்டு சகோதரர்கள் சுட்ட ஓடு! கிறிஸ்தவ ஒற்றுமையைப் பற்றி நாம் பேசத் தொடங்குமுன்பே ஓடு அதைக் கடைப்பிடித்திருக்கிறது. உடையாதவை அனைத்தையும் திரும்ப ஏற்றிவிட்டோம்.

ஆவணியில் சுண்ணாம்பு வேலை. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். சுட்ட கல்லில் நீர் ஊற்றினால் அது கொதித்து நீறும். அதைச் சுவரில் பூசியபின், காற்றிலிருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. ஆகவே சுண்ணாம்புக்கு அவசரம் ஆகாது. நீறிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கவிட்டு, மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி நீரும் விட்டு அரைத்தார்கள். கருப்பட்டி வாசனைக்கு மறைக்கல்விப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தது தனிக் கதை. பூசிய சுவரை ஈரச் சாக்குகளால் மூடி, நாள்தோறும் தண்ணீர் தெளித்துக் காத்தவர்கள் சித்தாள் வேலைக்கு வந்த நம் பங்குச் சகோதரிகள் மூவர். இந்தச் சுவர் வெடிப்பின்றி நிற்கிறதென்றால் அவர்களின் கவனமே காரணம். அவர்களுக்கு உங்கள் அனைவர் முன்னிலையிலும் நன்றி சொல்கிறேன்.

இனி, இத்தனை வேலையிலும் கடினமாக இருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அது கல்வேலையும் அல்ல, மரவேலையும் அல்ல.

தார்சாவைப் புதுப்பிப்பதா, இடிப்பதா என்று பங்குப் பேரவையில் பேச்சு வந்தபோது, அலங்கார வளைவுக்கென ஒதுக்கிய பணத்தை இதில் போட வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதைவிடக் கனமான கேள்வியை ஒரு சகோதரர் எழுப்பினார். "இந்தத் தார்சா ஏன் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஊரில் ஒரு சாரார் முன்வாசலில் வருவார்கள். ஒரு சாரார் பின்வாசலில் நிற்பார்கள். அந்த வெட்கத்திற்கு எதற்குச் சாமி புதுக் கூரை? இடித்துவிடுவோம்" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. நானும் பதில் சொல்ல இயலாமல் இருந்தேன்.

அந்த வாரமே, ஞாயிறு பூசைக்குப் பிறகு, நம் பங்கின் மூத்த அம்மா ஒருவரை இங்கே அழைத்து வந்து உட்கார வைத்தேன். அவர் சொன்னார்: "எங்க ஐயா கல்யாண ஓலை குடுக்கவும், ஆபத்துன்னா சாமியக் கூப்பிடவும் இந்தத் தார்சாவுக்குத்தான் வருவாக. முன்வாசப் படிய அவுக மிதிச்சதே இல்ல. யாரும் தடுத்ததில்ல சாமி. வாங்கன்னு கூப்பிட்டதும் இல்ல." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு மீண்டும் சொன்னார்: "ஆனா பஞ்ச காலத்துல எங்களுக்குக் கஞ்சி ஊத்தினதும் இங்கதான். பால் மாவு காய்ச்சி ஊத்தினதும் இங்கதான். நான் முதல் முதலா எழுத்துப் படிச்சது அந்தா, அந்த மூணாவது தூணுகிட்ட."

"அம்மா, இடித்துவிடலாமா?" என்று கேட்டேன்.

"இடிச்சா மறந்துபோகும், சாமி. இருக்கட்டும். நடுக்கதவ மட்டும் திறந்து வைங்க" என்றார்.

கொத்தனார் சொன்னதும் நடுக்கதவைத்தான். அம்மா சொன்னதும் நடுக்கதவைத்தான். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. அந்த அம்மா சொன்னதை அப்படியே பேரவையில் எடுத்துச் சொன்னேன். இடிக்கச் சொன்ன சகோதரரே எழுந்து, "அப்படியானால் கதவைப் பூட்டாமல் இருக்க என்ன வழி என்று முதலில் எழுதுங்கள்" என்றார். அதன்படி எழுதப்பட்ட தீர்மானம் இதுதான். பங்கு அலுவலக மேசை இனி இந்தத் தார்சாவில் இருக்கும். திருமுழுக்குச் சான்று வேண்டுபவரும், கல்யாண ஓலை கொடுப்பவரும், உதவி கேட்டு வருபவரும், நன்கொடை தர வருபவரும், எந்த வாசல் வழியாக வந்தாலும், இங்கேதான் ஒரே பெஞ்சில் அமர்ந்து பங்குத்தந்தையைப் பார்ப்பார்கள். நடுக்கதவுக்குப் பூட்டு போடும் நாதாங்கி எடுக்கப்பட்டுவிட்டது. எனக்குப் பின் வரும் பங்குத்தந்தையும் இதைக் காக்க வேண்டும் என்று பங்கின் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இதனால் பழைய காயம் ஆறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கதவைத் திறந்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்பது, ஈரச் சுவரில் வெள்ளையடித்துவிட்டுச் சுவர் உலர்ந்துவிட்டது என்பது போன்றதே. அதை நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன்; இரண்டாம் முறை செய்ய மாட்டேன். கல்லறைத் தோட்டத்திலும், திருவிழா வரிக் கணக்கிலும், சப்பரம் செல்லும் தெருவிலும் நாம் இன்னும் கொத்தி எடுக்க வேண்டிய பூச்சு உண்டு. அதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

முடிக்குமுன் உங்கள் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பழைய வீட்டின் பின்தார்சாவைக் குப்பைக் கிடங்கு ஆக்காதீர்கள். மழை நாளில் ஒருமுறை அங்கே நின்று, நீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். வெளிமண்ணை உள்தரைக்கு மேலே உயரவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே கொடுங்கள். காரை உதிர்ந்தால், பூசுவதற்கு முன் ஏன் உதிர்ந்தது என்று கேளுங்கள். உங்கள் வீட்டுத் தார்சாவில் வயதான தாயோ தந்தையோ கட்டில் போட்டுப் படுத்திருந்தால், நடுக்கதவு திறந்திருக்கிறதா என்று இன்று இரவே போய்ப் பாருங்கள்.

ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் பார்த்தாயிற்று. சுவர் உலர்ந்து நிற்கிறது. முன்வாசல் காற்று இங்கே வரை வருகிறது, நீங்களே உணர்வீர்கள். அந்த மூத்த அம்மா இன்று முன்வாசல் படியேறி, கூடத்தைக் கடந்து, நடுக்கதவு வழியாக வந்து முதல் பெஞ்சில் அமர்ந்திருக்கிறார். அவரே இப்போது விளக்கேற்றித் தார்சாவைத் திறந்து வைப்பார். ஆண்டவர் இந்த இல்லத்தையும், இதற்கு வரும் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.