எந்தத் தெரு என்று கேட்டால்
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வைப் பற்றிப் பேசச் சொன்னீங்க. நான் ஆங்கில வாத்தியார் இல்லை. கவிதை எழுதுகிற வங்கி குமாஸ்தா. இந்தத் தேர்வில் ஒருமுறை விழுந்து எழுந்தவன், அவ்வளவுதான் என் தகுதி.

பேச்சுத் தேர்வில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா சிரித்த முகத்தோடு கேட்டார்: நீங்கள் வசிக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி எனக்குத் தமிழில்தான் விழுந்தது. நம்ம பக்கம் டீக்கடையில, பஸ்ஸுல, வங்கிக் கவுன்ட்டர்லகூட "எந்த ஊரு?"ன்னு ஆரம்பிப்பாங்க. அடுத்தது "ஊர்ல எந்தத் தெரு?" மூணாவது கேள்வி தேவைப்படாது. இதற்கு நான் சின்ன வயசிலிருந்து பழகி வைத்திருந்த பதில், பக்கத்து டவுன் பேரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. அங்கேயும் அதையே செய்தேன். ஒரு வரி. அவர் காத்திருந்தார். அடுத்த கேள்விக்கும் ஒரு வரி. 5.5 வந்தது. பேசினால்தானே மதிப்பெண் போட முடியும்?

மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதலில் வீடு, ஊர், படிப்பு பற்றிச் சில கேள்விகள். பிறகு ஒரு தலைப்பைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை தனியாகப் பேசச் சொல்வார்கள். கடைசியில் அதையொட்டி விவாதம். கோர்வை, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு, நான்குக்கும் சம எடை. உச்சரிப்பு புரிந்தால் போதும், வெள்ளைக்காரனைப் போல நாக்கை மடிக்க வேண்டியதில்லை.

தேர்வாளர் நம்ம நாட்டு சாதி இந்துவாக இருந்தால் என்று ஒரு தங்கை கேட்டார். இருக்கலாம். ஆனால் பேச்சு ஒலிப்பதிவாகிறது. நீங்க சொல்ற விலாசத்தை யாரும் சரிபார்க்கிறதும் இல்லை. சேரியைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நான் இரண்டாம் முறை சொன்னேன். கயிற்றில் காயும் உப்புக்கண்டம், மழை வந்தால் நடுத்தெருவில் நிற்கும் தண்ணீர், தெருவிளக்கடியில் நடந்த எங்கள் இரவுப் பள்ளி. தெரிந்த விஷயம் என்பதால் வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. 7 வந்தது.

எழுத்துத் தேர்வு 60 நிமிடம், இரண்டு பகுதி. முதலாவதில் வரைபடம், அட்டவணை மாதிரி ஒன்றை 150 வார்த்தைக்குக் குறையாமல் விவரிக்கணும். இதற்கு 20 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீங்க. இரண்டாவது கட்டுரை, 250 வார்த்தைக்குக் குறையாமல். மதிப்பெண்ணில் அதற்கு இரட்டை எடை. நம்ம பசங்க முதல் பகுதியிலேயே அரை மணி நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

கோச்சிங் சென்டரில் மனப்பாடக் கட்டுரை விற்கிறான். தேர்வாளர்கள் அதை எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள், மார்க் போகும். அந்தக் காசுக்கு, 1936-ல் லாகூர் மாநாட்டுக்காக அம்பேத்கர் ஆங்கிலத்தில் எழுதிய உரையை வாங்கிப் படிங்க. உரையை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார், மாநாட்டையே ரத்து செய்தார்கள். தானே அச்சிட்டு வெளியிட்டார். சாதி என்பது வேலைப் பிரிவினைதானே என்கிற எதிராளியின் வாதத்தை முதலில் எடுத்து வைக்கிறார், அப்புறம் ஒவ்வொரு காரணமாகச் சொல்லி உடைக்கிறார். கட்டுரைத் தேர்வு கேட்பதும் இதுதான்: உன் நிலைப்பாடு என்ன, காரணம் என்ன, உதாரணம் எங்கே. தாசில்தாருக்கு மனு எழுதின கை உங்களுடையது. வாதம் புதுசு இல்லை, மொழிதான் புதுசு.

ஒரு எச்சரிக்கை. தேர்வுக் கட்டணமே பெரிய தொகை. முடிவு இரண்டு வருடம்தான் செல்லும். அதனால அவசரப்பட்டுப் பணம் கட்டாதீங்க. மூணு மாசம் தினமும் கடிகாரத்தை வைத்து எழுதிப் பாருங்க.

சரி, என் பேச்சு போதும். ரெண்டு ரெண்டு பேரா உட்காருங்க. ஒருத்தர் கேளுங்க, இன்னொருத்தர் ரெண்டு நிமிடம் நிறுத்தாம ஆங்கிலத்துல சொல்லுங்க. தப்பு வந்தா வரட்டும். முதல் கேள்வி: உங்க வீடு எங்க இருக்கு?