பாறு என்னும் பறவை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



அறிவியலையும் கவிதையையும் இணைத்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். அறிவியல் என் துறையன்று. கல்லூரியில் தமிழ் கற்பிக்கின்றேன்; நாளிதழில் வரும் அறிவியல் செய்திகளை ஆர்வத்தோடு படிக்கின்றேன். அவ்வளவே என் தகுதி. அவ்வாறு படித்தவற்றுள் ஒரு செய்தி என்னை இன்னும் விடவில்லை. அதனை மட்டும் உங்கள்முன் வைக்கிறேன்.

இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2024ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியாவில் பாறு கழுகுகள் அழிந்ததன் விளைவாக 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்பது அவர்களது கணிப்பு. பறவை அழிந்தால் மனிதன் ஏன் சாகவேண்டும்? முதலில் எனக்கும் விளங்கவில்லை.

அழிவின் காரணம் டைக்ளோஃபினாக் என்னும் வலிநிவாரணி. நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பதுதான். 1990களின் நடுவில் அதன் விலை குறைந்தது. மாட்டுக்கும் ஊசியாகப் போடத் தொடங்கினர். மருந்து ஏற்றிய சில நாள்களுக்குள் மாடு இறந்தால், அதை உண்ட பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்தது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று 2004இல்தான் இதனைக் கண்டறிந்தது. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளில் 1000க்கு 999 இல்லாமற் போயின. கூட்டமாக உண்பதும் ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவதும் அவற்றின் இயல்பு. ஆகவே நூறு உடல்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இத்துணை அழிவுக்குப் போதுமாம்.

ஊர்ப்புறத்தில் எறியப்பட்ட மாட்டை ஒரு மணி நேரத்திற்குள் எலும்பாக்கிவிடும் கூட்டம் மறைந்தது. உடல்கள் அழுகின, நீர்நிலைகள் கெட்டன, தெருநாய்கள் பெருகின, அவற்றோடு வெறிநாய்க்கடியும் பெருகிற்று. அடைப்பான் நோய்க்கிருமியையும் அழிக்கவல்ல கடும் அமிலம் பாற்றின் இரைப்பையில் உண்டு. நாயின் வயிறு அத்தகையதன்று.

இனி என் துறைக்கு வருகிறேன். பாறு, எருவை, பருந்து, கழுகு, பொகுவல் எனப் பழந்தமிழர் இவ்வகைப் பறவைகளை வேறுபடுத்திப் பெயரிட்டனர். புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் ஈமத்தாழியின்மேல் அச்சமின்றி அமர்ந்திருக்கும் சிவந்த செவியுடைய பறவையைக் காட்டுகிறார். இன்று நாம் செந்தலைப் பாறு என்னும் பறவையாக அதனைக் கருத இடமுண்டு. கம்பரோ சடாயுவுக்கு ஒரு படலமே வகுத்தார். இராமன் மகன்போல் நின்று அப்பறவைக்கு ஈமக்கடன் செய்கிறான். நாம் என்ன செய்தோம்? அத்தனை பெயர்களையும் கழுகு என்னும் ஒன்றில் அடக்கினோம். பிணந்தின்னி என்னும் அடையைச் சேர்த்து வசைச்சொல் ஆக்கினோம்.

பிறரைக் குறை கூறவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தின் கவியரங்கில் கந்துவட்டிக்காரரைப் பிணந்தின்னிக் கழுகென்று பாடியவள் நானே. கைதட்டலும் கிடைத்தது. வினை, பயன், மெய், உரு என உவமைக்குத் தொல்காப்பியர் வகுத்த நான்கையும் ஆண்டுதோறும் மாணவியர்க்கு விளக்குபவள் நான். என் உவமையோ வினையாலும் பொருந்தவில்லை, பயனாலும் பொருந்தவில்லை. பாறு உயிருள்ள எவரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை. வட்டிக்காரர் இறந்தபின் வருவதில்லை.

திருக்கழுக்குன்றத்தில் நண்பகலுக்கு முன் மஞ்சள்முகப் பாறுகள் இரண்டு வந்து அர்ச்சகர் கையால் உணவு பெற்றுச் சென்றதை உங்களில் மூத்தோர் பார்த்திருப்பீர்கள். சிறுவயதில் பாட்டியுடன் அம்மலை ஏறினேன். அன்று அவை வரவில்லை. கூட்டத்தில் பாவி எவரேனும் இருந்தால் வரமாட்டா என்றனர். ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். முந்தின நாள் திருடித் தின்ற வெல்லக்கட்டி என் நினைவுக்கு வந்தது! இப்போது அங்கே அவை வருவதேயில்லை. அதற்கும் இம்மருந்துதான் காரணம் என்று நான் கூறவரவில்லை. ஆயினும் அம்மலையில் கேட்ட சொல், இச்செய்தியைப் படித்தபோது வேறு பொருளில் என் காதில் விழுந்தது.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் போடுவது 2006இல் தடை செய்யப்பட்டது. மனிதர்க்குரிய பெரிய குப்பிகள் மாட்டுத்தொழுவத்திற்குச் சென்றதால், 2015இல் குப்பியின் அளவு 3 மி.லி. எனக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவை கால்நடைகளுக்கு 2023இல் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகம் என்னும் தீங்கற்ற மாற்று மருந்து உண்டு. தமிழகத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோர நீர்மருத மரங்களில், வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன.

பத்தாண்டுக் கவிதைகளின் தேர்வில் என் கந்துவட்டிக் கவிதையும் இருப்பதாக மலர்க்குழுவினர் தெரிவித்தனர். அதனை நீக்கிவிடுமாறு வேண்டினேன். அவர்கள் இசையவில்லை, வேண்டுமானால் அந்த ஒரு வரியை மாற்றித் தருமாறு கூறியுள்ளனர். இரண்டு வாரமாகத் தேடுகிறேன். வட்டிக்காரருக்குப் பொருந்தும் விலங்கோ பறவையோ இன்னும் கிடைக்கவில்லை. கவிஞர்கள் யாரேனும் உதவினால் ஏற்றுக்கொள்வேன்.