ஒதுக்கீடும் ஒதுக்கி வைத்தலும்: கல்லூரி நூலகத்தின் ரிசர்வ் அலமாரி குறித்து



நினைவுச் சொற்பொழிவு என்றதும் பெரிய தலைப்பு ஒன்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் அலமாரியை. கல்லூரி நூலகத்தில் கவுண்டருக்குப் பின்னால், மாணவர் கை எட்டாத இடத்தில் நிற்கும் அலமாரி. அந்த செமஸ்டருக்கான பாடநூல்களும், ஆசிரியர்கள் கட்டாயம் படிக்கச் சொன்ன நூல்களும் அதில் இருக்கும். சில கல்லூரிகளில் அதற்கு ரிசர்வ் என்று பெயர். சிலவற்றில் ரெஃபரன்ஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். பெயரே இல்லாத இடங்களும் உண்டு. 'உள்ளேயே உட்கார்ந்து படிக்கிற புக்' என்றால் எல்லோருக்கும் புரியும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு, அந்த அலமாரி எப்போது திறக்கிறது, எப்போது பூட்டப்படுகிறது என்பது சமூகநீதிக் கேள்வி. அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

'ஒதுக்கு' என்ற ஒரே வினையிலிருந்து தமிழில் இரண்டு சொற்கள் நம் வாழ்க்கைக்குள் வந்திருக்கின்றன. ஒதுக்கீடு என்பது உரியவருக்கு உரியதை உறுதி செய்வது. ஒதுக்கி வைத்தல் என்பது ஊர் நமக்குச் செய்தது. நூலக அலமாரி இந்த இரண்டில் எதைச் செய்கிறது?

பதினெட்டு மணி நேரம்

ரிசர்வ் ஏற்பாட்டின் நோக்கம் நல்லதுதான். வகுப்பில் அறுபது பேர். நூல் மூன்று பிரதி. வழக்கம்போல் பதினைந்து நாளுக்கு இஷ்யூ செய்தால், முதலில் வந்த மூன்று பேரோடு முடிந்தது. அதனால் ஆசிரியர் பட்டியல் தருகிறார். நூலகர் அந்த நூல்களைத் தனியே எடுத்து வைக்கிறார். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் உள்ளே வைத்துப் படிக்கலாம். பணம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே விதி. காகிதத்தில் இது சமத்துவம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூலகம் காலை பத்து முதல் மாலை நான்கு வரை என்றால் ஆறு மணி நேரம். இரண்டு மணி நேரத் தவணையில் ஒரு பிரதி ஒரு நாளில் மூன்று பேர் கைக்குப் போகும். மூன்று பிரதி ஒன்பது பேருக்கு. அறுபது பேரும் ஒருமுறை தொட்டுப் பார்க்க ஏழு வேலை நாள் ஆகும். அந்த ஆறு மணி நேரத்திலும் பெரும்பகுதி வகுப்பு நடக்கிறது. மீதி பதினெட்டு மணி நேரம்? புத்தகம் பூட்டிக் கிடக்கிறது.

இப்போது ஒரு மாணவியின் நாளை நினைத்துப் பாருங்கள். திருநின்றவூரில் வீடு. காலை ஷிப்ட் கல்லூரி. வகுப்பு முடிந்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்கோ, பூந்தமல்லியில் துணிக்கடைக்கோ ஓட வேண்டும். வீடு திரும்ப இரவு ஒன்பது. அவருக்குப் படிக்கக் கிடைக்கும் நேரம் இரவு பத்துக்கு மேல், அல்லது விடியற்காலை. அதாவது, அந்தப் பதினெட்டு மணி நேரத்துக்குள்தான் அவருடைய படிப்பு இருக்கிறது. புத்தகம் விழித்திருக்கும்போது அவர் வேலையில். அவர் விழித்திருக்கும்போது புத்தகம் பூட்டில்.

நூலை விலைக்கு வாங்க முடிந்தவருக்கு இந்த அலமாரியே தேவையில்லை. தேவைப்படுகிறவருக்கு அது திறந்திருப்பதில்லை. எங்கள் வாதம் முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது.

பொது என்று எழுதினால் போதுமா?

1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் நம் மக்களைத் தடுக்கக் கூடாது என்றது. 1927இல் மகாத் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். அந்தக் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக மகாத் நகராட்சி அதற்கு முன்பே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த தூரத்தைத்தான் அவர்கள் நடந்து கடந்தார்கள்.

குளத்தை அலமாரியோடு ஒன்றாக்கிப் பேசவில்லை. அங்கே தடுத்தது ஊர். இங்கே தடுப்பது கடிகாரம். நூலகரும் பெரும்பாலும் போதிய ஊழியர் இல்லாமல் தனியாளாக நிற்பவர். ஆனால் மகாத் நமக்குக் கற்றுக்கொடுத்த கேள்வி இங்கும் செல்லும்: பொதுவாக இருப்பது யார் கைக்கு வந்து சேர்கிறது?

அண்ணலின் வாழ்க்கையிலேயே நேரம் எவ்வளவு பெரிய பொருள் என்று பாருங்கள். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். அவர் சேர்த்த நூல்கள் வந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. 1920இல் மீண்டும் லண்டன் போனவர், கையில் காசில்லாத நிலையில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படித்தார். வாங்க முடியாத நூல்களை உட்கார்ந்து படிக்க ஓர் இடமும், அந்த இடம் திறந்திருக்கும் நேரமும் அவருக்குக் கிடைத்தன.

நூலகத் துறையும் இதை அறியாததல்ல. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பவை அவற்றில் அடக்கம். நூலகப் படிப்பில் இதைப் பாடமாக எழுதித்தான் எல்லோரும் தேர்வாகிறார்கள். வாசகரின் நேரம் என்றால் எந்த வாசகர் என்று கேட்பது நம் வேலை.

அபராதம் என்னும் காவல்காரர்

சரி, மாலையில் எடுத்துப்போய்க் காலையில் திருப்பித் தரும் ஓவர்நைட் இஷ்யூ சில இடங்களில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை ரயில் தாமதமானால் ஃபைன். தொலைந்தால் நூலின் விலைக்கு மேல் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கடைசியில் நோ டியூ சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் டி.சி. வராது. வீட்டில் இதைக் கேட்கும் அம்மா சொல்வார்: 'எதுக்குப்பா வம்பு, அங்கேயே படிச்சிட்டு வா.' அபராதம் கட்டியவர்கள் பதிவேட்டில் இருப்பார்கள். அபராதத்துக்குப் பயந்து நூலே எடுக்காதவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 'உங்கள் பசங்க லைப்ரரிக்கே வருவதில்லை' என்ற பேச்சு இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஒரே அறை வீடு, ஒழுகும் கூரை. 2015இலும் 2023 டிசம்பரிலும் நம் பகுதிகளில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நனைந்த நூலுக்கு மாணவர் பொறுப்பா, ஏரியின் வடிகாலைப் பராமரிக்காத நிர்வாகம் பொறுப்பா? நூலக விதியில் இப்படி ஒரு பிரிவு இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை ஆகாது.

புக் பேங்க்: வழி ஏற்கனவே உண்டு

வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றிய அரசு 1978-79இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கான புக் பேங்க் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் மருத்துவம், பொறியியல். பிறகு வேளாண்மை, கால்நடை, பாலிடெக்னிக், சட்டம் முதலியவை சேர்ந்தன. பட்டப்படிப்பில் இரண்டு மாணவருக்கு ஒரு செட். ஒரு செட்டின் ஆயுள் மூன்று ஆண்டு. பின்னர் இது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

இதன் தத்துவத்தைக் கவனியுங்கள். நூலை மணிக்கணக்கில் தராமல், படிப்புக் காலத்துக்கே மாணவர் கையில் தருவது. பகிர்வதென்றாலும் இருவருக்குள் மட்டும். வீட்டில் நூல் இல்லாதவருக்கு வீட்டில் நூல் இருக்க வேண்டும் என்று அரசே ஏற்றுக்கொண்டது.

ஆனால் யாருக்கு? பி.ஏ. வரலாறு, பி.ஏ. தமிழ், பி.காம். படிப்பவர் அந்தப் பட்டியலில் இல்லை. நம் பிள்ளைகள் பெருந்தொகையாகப் போய்ச் சேர்வது இந்தப் படிப்புகளில்தான். பட்டியலில் உள்ள படிப்புகளிலும், தங்களுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் படித்து முடித்தவர்களை நாங்கள் சந்தித்திருக்கிறோம். 2018இல் சென்னை பாரிமுனையிலிருந்து சட்டக் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் நம் பக்கம் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாற்றப்பட்டது. அங்கே போய்வரப் பயணத்துக்கே பாதி நாள் கழியும் மாணவருக்கு, கையோடு கொண்டுபோகும் நூல்தான் நூல்.

ஜெராக்ஸ் குற்றமா?

'பிரதி குறைவு என்றால் அத்தியாயத்தை நகலெடுத்துக் கொடுங்கள்' என்று கேட்டால் காப்பிரைட் என்று பயமுறுத்துவார்கள். இந்தப் பயத்துக்கு நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது.

2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி என்ற சிறிய ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்தில் உள்ள பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்றது குற்றம் என்றன. மாணவர்கள் அமைப்பாகச் சேர்ந்து வழக்கில் தங்களையும் இணைத்துக்கொண்டார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வு சில கேள்விகளை மறுவிசாரணைக்கு அனுப்பியபோதிலும், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவின்படி, பாடம் கற்பிக்கத் தேவையான அளவுக்கு நகலெடுக்கலாம் என்பதை உறுதி செய்தது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. தீர்ப்பு டெல்லியுடையது என்றாலும், அது விளக்கிய சட்டப்பிரிவு நாடு முழுமைக்கும் உரியது.

பார்வையற்ற மாணவர்களுக்கு இந்த உரிமை இன்னும் விரிவானது. 2012 திருத்தம் சேர்த்த 52(1)(zb) பிரிவு, அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் முழு நூலையும் மாற்றிக் கொடுக்க வழி செய்கிறது. பிரெயில் அச்சகம் நம் பூந்தமல்லியிலேயே இருக்கிறது. ரிசர்வ் பட்டியல் செமஸ்டர் தொடங்கிய பிறகு வந்தால், அந்த நூல் பிரெயிலாகவோ ஒலியாகவோ மாறுவதற்குள் தேர்வே முடிந்துவிடும்.

இதில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தலித் எழுத்தாளர்களின் நூல்களைச் சிறு பதிப்பாளர்கள் ஐந்நூறு, ஆயிரம் பிரதி என்று அச்சிட்டுக் கடனோடு நிற்கிறார்கள். அச்சில் இருக்கும் அந்த நூல்களை நகலெடுக்காமல் விலைக்கு வாங்கச் சொல்லி நூலகத்தை வற்புறுத்த வேண்டும். தலித் இலக்கியம் பாடத்தாளாக இருக்கும் கல்லூரியிலும், அதிகக் கழிவு தரும் பெரிய விற்பனையாளரிடம் மொத்தமாக வாங்கும்போது இவை விடுபட்டுப் போகின்றன. அச்சில் இல்லாத நூல் என்றால், இருக்கும் ஒரே பிரதி அலமாரிக்குள் போய்விடுகிறது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலை நூலகம் மூன்று பிரதி வரை எடுத்துக்கொள்ள அதே 52ஆம் பிரிவு, (1)(o) உட்பிரிவில், இடம் தருகிறது. நூலகரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள்.

கேட்க வேண்டியவை

மாணவத் தோழர்களே, எங்கள் முன்மொழிவுகள் இவை.

ஒன்று, செமஸ்டர் தொடங்க ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு துறையும் ரிசர்வ் பட்டியலை நூலகத்துக்குத் தர வேண்டும். அந்தப் பட்டியல் தமிழிலும் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

இரண்டு, நூலகம் மூடும் நேரத்தில் ரிசர்வ் நூல் ஒன்றுகூட அலமாரியில் தூங்கக் கூடாது. எல்லாம் ஓவர்நைட் இஷ்யூவாக வெளியே போக வேண்டும். வேலைக்குப் போகிறவர், தொலைவிலிருந்து வருகிறவர், நூல் வாங்க இயலாதவர் ஆகியோருக்கு முன்னுரிமை. திருப்பித் தரும் நேரம் முதல் வகுப்பு முடியும் வரை.

மூன்று, தாமதத்துக்குப் பண அபராதம் வேண்டாம். அடுத்த முறை வரிசையில் பின்னால் போகட்டும். வெள்ளத்தில் நனைந்த நூலுக்கு மாணவர் பணம் கட்டக் கூடாது.

நான்கு, இருவருக்கு ஒரு செட் என்ற புக் பேங்க் முறையைக் கலை, வணிகவியல் படிப்புகளுக்கும் விரிவாக்க வேண்டும். இது கல்லூரி வாசலில் முடியாது. ஆதிதிராவிடர் நலத்துறையிடமும் சட்டமன்றத்திலும் எழுப்ப வேண்டிய கோரிக்கை.

ஐந்து, 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வீட்டுக்காரர் கட்டும் அந்த வரி நம் வாடகைக்குள் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி கிளை நூலகங்களில் பக்கத்துக் கல்லூரிகளின் பாடநூல் செட் ஒன்று மாலை நேரத்துக்கென வைக்கப்பட வேண்டும்.

இவற்றைக் கேட்குமுன் கையில் விவரம் வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம்: எந்தப் பாடத்துக்கு எத்தனை பிரதி, புக் பேங்க் நூல்கள் எத்தனை, கடைசியாக வாங்கியது எப்போது, நூலகக் குழுவில் மாணவர் யார். ஒரு கல்லூரியில் இரண்டு பேர் சேர்ந்தால் போதும். வந்த பதில்களை மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே இடத்தில் வைத்துப் படிப்போம்.

தேர்வில் தோற்ற பிள்ளையைப் பார்த்து 'படிக்கவில்லை' என்று சொல்லும் ஆசிரியரிடம், இனி நாம் அமைதியாக ஒன்று கேட்போம்: அந்தப் பாடத்தின் புத்தகம் இந்த செமஸ்டரில் எத்தனை இரவு அவன் வீட்டில் இருந்தது? பதில் கல்லூரியின் இஷ்யூ பதிவேட்டில் இருக்கும்.