மலை ஏற நாலு பேர்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க. சாயங்கால ரயிலைப் பிடிக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நிதி திரட்ட ஒரு மலை நடை நடத்தணும்னு போன மாசம் தீர்மானம் போட்டோம். இடம் பரங்கிமலை. ஓட முடிஞ்சவங்க ஓடலாம், மத்தவங்க நடக்கலாம். வசூலாகுற பணம் கேலிப்பர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி வச்சிருக்கிற நம்ம உறுப்பினர்களோட பழுதுபார்ப்புச் செலவுக்குப் போகும். இதுவரைக்கும் எல்லாருக்கும் சம்மதம்தான். ரெண்டு இடத்துல பேச்சு முடியாம நிக்குது. முதல்ல மேலே போற ஆளுக்கு மிக்ஸி பரிசு வைக்கலாமாங்கிறது ஒண்ணு. மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் சிரமப்பட வேண்டாம், கீழே மோர்ப்பந்தலைப் பார்த்துக்கட்டும்ங்கிறது இன்னொண்ணு.

ரெண்டாவது யோசனையை நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா யாருக்காக வசூல் பண்றோமோ அவங்க கீழே மோர் ஊத்திட்டு நிக்க, மத்தவங்க மலை ஏறிட்டு வந்து போட்டோ எடுத்துக்கிறது எனக்குச் சரியாப் படலை. நான் போலியோவுல கால் போய் கேலிப்பர் போட்டவ. மோட்டார் வச்ச மிஷின்ல தைச்சுத்தான் குழுக் கடனைக் கட்டிட்டு வர்றேன். அந்த உரிமையில பேசுறேன்.

கேலிப்பர் கிடைக்கிறது இப்போ அவ்வளவு கஷ்டம் இல்லை. கே.கே. நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கு, அளவெடுத்துச் செஞ்சு குடுக்கிறாங்க. கஷ்டம் அதுக்கு அப்புறம்தான். தோல் பட்டை அறுந்து போகும். ஷூவோட அடி ஒரு பக்கமாத் தேயும். ஊன்றுகோல் அடியில இருக்கிற ரப்பர் வழவழன்னு ஆகி, ஈரத் தரையில ஆளையே கீழே தள்ளிடும். எல்லாம் சின்னச் செலவு. சின்னச் செலவுங்கிறதாலயே அதுக்குன்னு யாரும் கடன் கேட்கிறதில்லை, குடுக்கிறதும் இல்லை. பட்டை அறுந்தா ரெண்டு நாள் வியாபாரம் போச்சு, சந்தா நின்னுச்சு, குழுக் கூட்டத்துக்கும் வர முடியலை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் இந்த நிதி.

இப்போ பரிசு விஷயம். ஹாங்காங்ல 1981-ல கூர்க்கா படைவீரர்கள் பயிற்சிக்காகவும் நிதிக்காகவும் ஒரு மலைப்பாதை நடையை ஆரம்பிச்சாங்க. நூறு கிலோமீட்டர், குன்று மாத்திக் குன்றா ஏறி இறங்குற பாதை. 1986-ல பொதுமக்களையும் சேர்த்துக்கிட்டாங்க. ஆக்ஸ்ஃபாம் டிரெயில்வாக்கர்னு அதுக்குப் பேரு. பிறகு பல நாட்டுக்குப் போய், 2012-ல பெங்களூர் பக்கமும் நடந்துச்சு. 48 மணி நேரத்துல முடிக்கணும். அதோட முக்கிய விதி, நாலு பேர் ஒரு அணி. நாலு பேரும் சேர்ந்தே கிளம்பி, சேர்ந்தே போய் முடிக்கணும்.

இந்த விதி என்ன செய்யுதுன்னு பாருங்க. வேகமா போறவ தனியா முன்னாடி போய்ப் பிரயோஜனம் இல்லை. யாரு கால்ல கொப்புளமோ அவங்க வேகம்தான் அணியோட வேகம். ஒருத்தி தளர்ந்தா அவ பையை இன்னொருத்தி தூக்குறா. ராணுவத்துக்காரங்க நடையில வந்த விதியா இருந்தாலும் அசல் மகளிர் குழு விதி இது! 1989-ல தருமபுரியில குழுக்கள் ஆரம்பிச்சப்பவும், 1992-ல நபார்டு ஐந்நூறு குழுவை வங்கியோட இணைக்க முன்வந்தப்பவும் இதைத்தான் நம்பினாங்க. சொத்து ஜாமீன் கிடையாது, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவதான் ஜாமீன். ஒருத்தி தவணையை முன்கூட்டியே கட்டிட்டான்னு அவளுக்கு நாம மிக்ஸி குடுத்திருக்கோமா? கட்ட முடியாதவ வீட்டுக்குத்தானே போய் நின்னிருக்கோம்.

நூறு கிலோமீட்டர் நமக்கு வேண்டாம். அது எல்லா உடம்புக்கும் ஆனதும் இல்லை. விதியை மட்டும் எடுத்துக்குவோம்.

இன்னொரு கதையும் சொல்லணும். டெர்ரி ஃபாக்ஸ்னு கனடாவுல ஒரு பையன். எலும்புப் புற்றுநோயால 1977-ல வலது காலை எடுத்துட்டாங்க, வயசு 18. செயற்கைக் காலோட 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி ஓட ஆரம்பிச்சான், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட. 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவினதால செப்டம்பர் 1-ஆம் தேதி நிறுத்த வேண்டியதாப் போச்சு. அடுத்த வருஷம் ஜூன்ல இறந்துட்டான். அவன் நினைத்த தூரத்தை முடிக்கலை. ஆனா அவன் பேர்ல உலகம் முழுக்க ஓட்டம் நடக்குது, நம்ம சென்னையில ஐ.ஐ.டி. வளாகத்துலயும் நடந்திருக்கு. அதுல ஜெயிச்சவர்னு யாரும் கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சக்கர நாற்காலியில வரலாம்.

பரங்கிமலையை ஏன் பிடிச்சேன்னு சில பேர் கேட்டீங்க. பொத்தேரியில ஏறினா வண்டி மாறாம மின்சார ரயில்லயே போய் இறங்கலாம். உயரம் முந்நூறு அடிதான். படியும் இருக்கு, வண்டி போற சாலையும் இருக்கு. அந்தப் படியைக் கட்டினது கோஜா பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு ஆர்மீனிய வியாபாரி, 1700-களில. அடையாத்துல சைதாப்பேட்டைப் பழைய பாலம் கட்டினவரும் அவர்தான். கட்டினதோட விடலை, பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கி வச்சிட்டுப் போனார். புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துப் பேர் வாங்குறவங்க எல்லாக் காலத்துலயும் உண்டு. பழுதுபார்க்கப் பணம் வச்சிட்டுப் போறவங்க அபூர்வம்.

எங்க குழுவுல நாலு பேர் போன மாசமே ஒரு விடிகாலையில போய் ஏறிப் பார்த்துட்டோம். நான், அறுபது தாண்டின பூக்கார அக்கா, கல்லூரி மெஸ்ஸுல வேலை பார்க்கிற தங்கச்சி, பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயம் ஓடின ஒரு சின்னப் பொண்ணு. கேலிப்பர் போட்டா முட்டி மடங்காது. இடுப்பாலதான் காலை மொத்தமாத் தூக்கணும். ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது கேலிப்பர் கால் முதல்ல. இதை மாத்தினா விழுந்துடுவோம். இருபது படிக்கு ஒரு தரம் நின்னேன். அந்தப் பொண்ணு மேலே ஓடும், திரும்ப இறங்கி எங்ககிட்ட வரும், மறுபடி ஓடும். கடைசியில நாலு பேரும் சேர்ந்து மேலே கால் வச்சோம். மீனம்பாக்கத்துல விமானம் இறங்குறதைப் பார்த்துட்டு நின்னோம்.

இறங்கும்போது வேடிக்கை. கை பிடிக்க வேண்டி வந்தது எனக்கு இல்லை, பூக்கார அக்காவுக்கு! ஏறுறது மூச்சைக் கேட்கும், இறங்குறது முட்டியைக் கேட்கும். யாருக்கு எங்கே துணை வேணும்னு கீழே நின்னுக்கிட்டு நாம முடிவு பண்ண முடியாது.

அதனால என் கோரிக்கை இது. அணிக்கு நாலு பேர், அதுல ஒருத்தராவது மெதுவா நடக்கிறவங்களா இருக்கணும். பரிசு வேண்டாம். கடைக்காரர்கள், தெரிஞ்சவங்ககிட்ட ஒரு படிக்கு இவ்வளவுன்னு முன்னாடியே எழுதி வாங்கிக்குவோம். ஓட முடிஞ்ச பொண்ணுங்க ரெண்டு தரம், மூணு தரம் ஏறி இறங்கட்டும், அந்தப் படியும் கணக்குல வரும். ஆனா கடைசி ஏத்தம் நாலு பேரும் சேர்ந்துதான். ஒருத்திக்குப் பாதியில முடியலைன்னா நாலு பேரும் அங்கேயே நிக்கட்டும், ஏறின படிக்குப் பணம் வரும். சக்கர நாற்காலி சாலை வழியாப் போகும், தள்ள ரெண்டு பேர். சரிவுல இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமா இறக்கணும். இதை முன்னாடியே பழகிக்கணும்.

கணக்குக்குத் தனி நோட்டு, தனி ரசீது. சேமிப்போடயும் உள்கடனோடயும் ஒரு ரூபா கூடக் கலக்கக் கூடாது. அடுத்த மாதக் கூட்டத்துல வரவு செலவை வாசிக்கணும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர்றவங்களுக்கு இடைஞ்சல் வேண்டாம், சனிக்கிழமை வச்சுக்கலாம். ஆலயத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கடிதம் எழுதுற பொறுப்பைச் செயலாளர் அக்கா ஏத்துக்கிட்டாங்க.

பேர் குடுக்கிறவங்க நாலு பேரா வந்து, ஒரே வரியில நாலு கையெழுத்துப் போடுங்க. மோர்ப்பந்தலுக்கு ஆள் தேட வேண்டாம். எங்க வீட்டுக்காரரும் இன்னும் சில வீட்டு ஆம்பளைங்களும் பார்த்துக்கிறதாச் சொல்லிட்டாங்க. பச்சை மிளகாயை நறுக்கிப் போடறதா, இடிச்சுப் போடறதான்னு அவங்களுக்குள்ள இப்பவே தகராறு.