சேது யாத்திரையும் நமது ஜீவனமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அக்காள்மடத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யாத்திரிகர்களாலும் சுற்றுலாப் பிரயாணிகளாலும் நமது ஊர்களுக்கு உண்டாகக்கூடிய அபிவிருத்தியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி காரியக் கமிட்டியார் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். விஷயம் பெரிது, நமது சக்தியோ சிறிது. ஆயினும் இதைப் பேசுவதற்கு அக்காள்மடத்தினும் தகுந்த இடம் வேறு இராது. இவ்வூரின் பெயரே யாத்திரிகரைப் பற்றிய ஒரு வழக்கிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படுகின்றது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இராமநாதபுரத்தை ஆண்ட விஜயரகுநாத சேதுபதி மன்னர், தம் குமாரத்திகள் இருவரையும் தண்டத்தேவர் என்பவருக்கு மணஞ்செய்து கொடுத்து, இத்தீவின் அதிகாரத்தையும் அவரிடம் ஒப்புவித்தாராம். அவரோ பாம்பன் கால்வாயைக் கடந்து வரும் யாத்திரிகரிடம் வரி தண்டத் தொடங்கினார். தூர தேசங்களிலிருந்து கால்நடையாய் வந்த ஏழைகள், கொடுக்க வழியின்றிக் கரையிலே தவித்தார்கள். செய்தி அறிந்த மன்னர், மருமகன் என்றும் பாராமல் மரண தண்டனை விதித்தார். குமாரத்திகள் இருவரும் தீப்புகுந்தனர். மூத்தவள் புகுந்த இடம் அக்காள்மடம். இளையவள் புகுந்த இடம் தங்கச்சிமடம். அவ்விடங்களில் யாத்திரிகர் இளைப்பாற மடங்கள் எழுந்தன என்பர்.

இதில் சரித்திரம் எவ்வளவு, கர்ணபரம்பரை எவ்வளவு என்று பகுத்துச் சொல்வது பண்டிதர் வேலை. தீப்புகுந்ததை நாம் கொண்டாடவுமில்லை. தகப்பனும் கணவனும் செய்த காரியங்களுக்கு இரண்டு பெண்கள் உயிர் விட்டார்கள் என்பதே அதிலுள்ள துயரம். நாம் கவனிக்க வேண்டுவது வேறொன்று. சுங்கம் வாங்கிய வழியில் பிற்பாடு மடம் எழுந்தது. வழிப்போக்கனிடம் பறிப்பது ஒரு முறை. அவனைத் தங்க வைத்துப் பிழைப்பது மற்றொரு முறை. நமது ஊரின் பெயர் இரண்டாவது முறையின் பெயராக நிலைத்திருக்கின்றது.

அக்காலத்தில் சேது யாத்திரை என்பது மாதக்கணக்கான நடை. ஆகையால் வழிநெடுகச் சத்திரங்கள் இருந்தன. உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம் என்று சேதுபதிகளின் வழியும், தஞ்சை மராட்டிய மன்னர்களின் வழியும் அன்ன சத்திரங்களால் கோக்கப்பட்டிருந்தன. 1801-ஆம் வருஷத்தில் சரபோஜி மன்னர் தஞ்சாவூர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்றுண்டு. இராமேசுவரத்து வழியிலுள்ள தம் சத்திரங்களில் அன்னம் மாத்திரமல்ல, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும், நோயாளிகளுக்கு வைத்தியரும், பிரசவமாகும் ஸ்திரீகளுக்குப் பராமரிப்பும் உண்டென்று அதில் அவர் விவரித்திருக்கிறார். இவற்றுக்கெல்லாம் கிராமங்கள் மானியமாக விடப்பட்டிருந்தன. நெல் குத்துவோர், விறகு வெட்டுவோர், எண்ணெய் ஆட்டுவோர், மண்பாண்டம் வனைவோர், பூத் தொடுப்போர், தோணி செலுத்துவோர் ஆகிய இத்தனை பேர் கையிலும் யாத்திரையின் பலன் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிற்று. காற்று மாறும் வரையில் தோணித்துறையில் காத்திருந்த யாத்திரிகர், காத்திருந்த நாளெல்லாம் உண்ணத்தானே வேண்டும்?

பிறகு வழி விரைந்தது. 1914-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ந் தேதி பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. தோணித்துறையில் காத்திருப்பது ஒழிந்தது. ஆயினும் ரயில் கண்ட பின்பும் கடலோடிகளுக்கு இடம் இருக்கத்தான் செய்தது. நமது தீவின் புதல்வரும் பிற்காலத்தில் பாரத ராஷ்டிரபதியுமாகிய அப்துல் கலாம் அவர்களின் தந்தையார், மரப் படகு ஒன்று கட்டி, இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகரை ஏற்றிச் சென்று ஜீவித்ததைக் கலாம் அவர்கள் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு புயல் அப்படகைக் கொண்டுபோயிற்று என்பதையும் எழுதியிருக்கிறார். இந்து யாத்திரிகர் ஏற, முகம்மதியர் படகு செலுத்த, தீர்த்த யாத்திரை நடந்தது. இத்தீவின் வழக்கம் அது.

1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடிக்கு நேர்ந்ததை இங்கே விவரிக்க வேண்டுவதில்லை. அந்த இரவை அறியாத குடும்பம் இந்தச் சபையில் குறைவு. ரயிலும், இலங்கைக்குக் கப்பல் போன துறையும், தபாலாபீசும், கோயிலும், பவளப்பாறைக் கல்லால் கட்டிய தேவாலயமும் அழிந்தன. 1988-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி சாலைப் பாலம் திறந்தது. 2017-இல் அரிச்சல்முனை வரையில் தார்ச்சாலை போடப்பட்டுத் திறக்கப்பட்டது; பேய்க்கரும்பில் கலாம் அவர்களின் நினைவு மண்டபமும் அதே ஜூலை மாதத்தில் திறந்தது. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டிகள் நின்றன; நடுப்பாகம் நேர் மேலே எழும்பும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்டது. இவையெல்லாம் நன்மையே, ஒன்றையும் நாம் குறை கூறவில்லை. பிரசவ வேதனையில் ஒரு பெண்ணை இராமநாதபுரத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தால் பாலத்தின் அருமை தெரியும்.

ஆனால் ஒரு பக்கத்தையும் சொல்லவேண்டும். வழி எவ்வளவு விரைந்ததோ, அவ்வளவு யாத்திரிகர் நம்மைக் கடந்து போகிறார். காலையில் சாலையோரம் நின்று பாருங்கள். பாலத்தின் நடுவே வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு நேரே கோயில், இருபத்திரண்டு தீர்த்தம், தனுஷ்கோடி, திரும்பவும் பாலம். அக்காள்மடம் அவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகை. கண்மாய் மதகு அடைத்துக் கிடந்தால் பக்கத்து வயல் காய்வதுபோல, ஜனவெள்ளம் ஓடும் சாலையின் ஓரத்திலேயே நமது வீடுகள் காய்கின்றன. அஃதன்றியும், சாலையோர மனையை நல்ல விலை என்று விற்றுவிட்டு, அதே மனையில் எழுந்த விடுதிக்கு இராக்காவலுக்குப் போகிறவர்களும் நம்மில் உண்டு. அவர்கள் பேரைச் சொல்வது மரியாதையன்று.

இந்தக் கதி நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. கங்கோத்திரியில் எடுத்த கங்கா ஜலம் நமது இராமநாத சுவாமிக்கு அபிஷேகமாகிறது. நமது சேதுவின் மணல் பிரயாகைக்குப் போகிறது. அந்த ஜலம் வருகிற மலை நாட்டையே பாருங்கள். பதரிநாதம், கேதாரநாதம் போகும் நடைபாதையில் சில மைலுக்கு ஒன்றாகச் 'சட்டி' என்னும் தங்குமிடங்கள் இருந்தன. சட்டிக்காரன் தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் இனாமாகக் கொடுப்பான். அரிசி, பருப்பு, நெய் மாத்திரம் அவன் கடையில் வாங்க வேண்டும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு! 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்துக்குப் பின் மலைகளில் மோட்டார்ச் சாலைகள் விரைந்து நீண்டன. பேருந்து வந்தது, சட்டிகள் பாழாயின. நடுவழிக் கிராமத்தார் பிழைப்பைத் தேடிச் சமவெளிக்கு இறங்கினார்கள். மிகுந்த கூட்டமும் கட்டடமும் சில நகரங்களிலே குவிந்தன. அவற்றுள் ஒன்றாகிய ஜோஷிமடத்தில், 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து வீடுகள் வெடித்து ஜனங்கள் வெளியேற நேர்ந்ததை யாவரும் பத்திரிகையில் பார்த்தோம். சட்டி அழிந்த ஊரில் ஜனம் இல்லை. சட்டிக்குப் பதிலாக மாடங்கள் எழுந்த ஊரில் மண் தாங்கவில்லை.

அதே இமயத்தில் வேறு விதமாகப் பிழைத்தவர்களும் உண்டு. லடாக்கில் சில கிராமத்தார், பிரயாணிகளைத் தம் வீட்டிலேயே தங்க வைத்து, தாம் உண்பதையே கொடுக்கிறார்கள். இதைத்தான் 'ஹோம் ஸ்டே' என்கிறார்கள். யார் வீட்டுக்கு விருந்தினர் போவது என்பதை முறைவைத்துத் தீர்மானிக்கிறார்கள். சாலையோர வீட்டுக்காரனே எல்லாரையும் இழுத்துக்கொள்ள முடியாது. நெய்தல் நிலத்தாராகிய நமக்கு இது புதிதா? பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று சொல்லி மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டே! கடலைப் பங்கிட்டவர்களுக்கு விருந்தினரைப் பங்கிடத் தெரியாதா?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் ஜில்லாவிலேயே திருவாடானைத் தாலூகாவில் காரங்காடு என்னும் மீனவ கிராமம் இருக்கிறது. அங்குள்ள அலையாத்திக் காட்டைப் பார்க்க வனத்துறையார் ஊராரோடு சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். படகு செலுத்துகிறவர் அவ்வூரார்; மீனும் நண்டும் சமைத்துப் போடுகிறவர்கள் அவ்வூர்ப் பெண்கள். காடு இருந்தால்தான் வருமானம் என்று கண்டபின், காட்டைக் காக்கும் கண்ணும் ஊருக்குள்ளேயே உண்டாகிறது. நமது சங்கத்தார் பத்துப் பேர் ஒரு நாள் அங்கே போய் வந்தால், இந்தப் பிரசங்கத்தைக் கேட்பதிலும் அதிகப் பலன் உண்டு.

நம்மிடம் காட்ட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். மல்லிகை இருக்கிறது. மதுரை மல்லிகை என்று உலகம் புகழும் பூவின் நாற்று, பெரும்பாலும் நமது தங்கச்சிமடத்துப் பக்கத்து மணலில் பதியம் வைத்து வளர்ந்து போகிறது என்பதை மதுரைக்காரர்களிலேயே எத்தனை பேர் அறிவர்? கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த நீரோட்டமும் பிறைக்கணக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தனுஷ்கோடி மணலில் உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கும் வித்தை இருக்கிறது. பனையோலை முடைவோர் இருக்கிறார்கள். 1897 ஜனவரி 26-ந் தேதி விவேகாநந்த சுவாமிகள் வந்திறங்கிய பாம்பன் கரை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக நமது அடுப்படி இருக்கிறது. வெளியூரார் இங்கே வந்து, அவர்கள் ஊரிலேயே கிடைக்கும் பண்டத்தை வாடிய இலையில் உண்டு போகிறார்கள். அன்று பிடித்த மீனின் குழம்பு எப்படியிருக்கும் என்று அவர்களுக்குக் காட்டுவார் இல்லை.

காலமும் நமக்கு அனுகூலமாயிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கூலிக்குப் போகிறவன் வீட்டில் அந்த இரண்டு மாதம் கடன் மாதம். பள்ளிக்கூட விடுமுறையில் பிரயாணிகள் மிகுதியாக வருவதும் அந்த மாதங்களில்தான்! கடல் கதவடைக்கும்போது சாலை கதவு திறக்கிறது. சிறைப்பட்டவர்களும் படகை இழந்தவர்களும் உள்ள குடும்பங்களுக்கு, கடலை மாத்திரம் நம்பாத ஒரு சிறு வருமானம் எவ்வளவு ஆறுதல் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுமோ?

சட்டமும் முழுவதும் தடையாக இல்லை. 2019-ஆம் வருஷத்துக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையானது, மீனவர் முதலிய உள்ளூர் மக்கள், தம் வீட்டின் தரைப்பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாற்றாமல், அவ்வீட்டிலேயே விருந்தினரைத் தங்க வைக்க இடங்கொடுக்கிறது. மாடி எழுப்ப வேண்டாம், கடன் வாங்க வேண்டாம். சுத்தமான ஓர் அறையும் ஒரு நல்ல கழிப்பிடமும் இருந்தால் தொடங்கலாம்.

"வயசுப் பெண்கள் இருக்கிற வீட்டில் அந்நியரை எப்படித் தங்க வைப்பது?" என்று தாய்மார்கள் நம்மிடம் கேட்டார்கள். மிகவும் நியாயமான கேள்வி. இதற்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. முதலில் குடும்பமாய் வருகிறவர்களையே ஏற்பது. பெயர் விலாசம் சங்கத்தில் பதிந்த பிறகே வீட்டுக்கு அனுப்புவது. வேண்டாம் என்னும் வீட்டாரை ஒருவரும் வற்புறுத்தாமலிருப்பது. இதற்குமேல் பெண்களே கூடித் தீர்மானிக்கட்டும். தண்ணீர் விஷயமும் அப்படியே. இந்தத் தீவில் நல்ல தண்ணீர் அளவுபட்டது. ஒரு குடத்துக்கு நாம் நிற்கும் வரிசையில் விருந்தினன் குளியலறையையும் சேர்த்தால் எத்தனை பேரை ஏற்க முடியும் என்று கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஜோஷிமடத்தைச் சொன்னது இதற்காகவே.

மற்றொன்று கசப்பானது. மொழி தெரியாத வடதேசத்து யாத்திரிகரிடம் இரட்டை வாடகை கேட்பதும், பத்து ரூபாய்ச் சங்கை நூறு ரூபாய்க்குக் கொடுப்பதும் சாமர்த்தியம் என்று நமது வாலிபர்களிலும் சிலர் நினைக்கிறார்கள். மூன்று நூற்றாண்டுக்கு முன் ஒரு தண்டத்தேவர் இருந்தார் என்று கதை சொல்லுகிறோம். இப்பொழுது திருப்பத்துக்குத் திருப்பம் சின்னத் தண்டத்தேவர்கள் நிற்கிறார்கள். ஏமாந்தவன் ஊருக்குப் போய்ச் சொல்லும்போது, ஏமாற்றியவன் பெயரைச் சொல்லமாட்டான், ஊரின் பெயரைச் சொல்லுவான். ஆகையால் ஆட்டோ வாடகைக்கும் படகுக்கும் சாப்பாட்டுக்கும் விலைப்பட்டியல் எழுதித் தொங்கவிட வேண்டும் என்பது நமது முதல் யோசனை. இதைத் தனித்து நமது சாதியார் மாத்திரம் செய்து பயனில்லை. இத்தீவில் கிறிஸ்தவர், முகம்மதியர், இந்துக்கள் என்று பலரும் ஒரே சாலையில் பிழைக்கிறோம். பங்குக் கோயிலாரையும் ஜமாத்தாரையும் மற்றச் சங்கத்தாரையும் அழைத்து ஒரே பட்டியலாகச் செய்தாலன்றி நிலையாது. சாதிச் சங்கத்து மேடையில் இப்படிச் சொல்வது சிலருக்கு ருசியாயிராது என்று அறிவோம்.

இரண்டாவது யோசனை அவசரமானது. தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் இடிந்த சுவரைப் பார்க்கிறார்கள். அது யாருடைய ஊர் என்று சொல்ல ஆளில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லுகிறவர்களே அங்கே வழிகாட்டிகள். அந்த இரவில் பத்து வயசுப் பிள்ளையாயிருந்தவர்களுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. தெரு எங்கே இருந்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், கப்பலுக்கு மூட்டை ஏற்றின கூலி என்ன, அலை வந்தபோது எந்த மேட்டில் ஏறி நின்றார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் நமது பிள்ளைகள் கைப்பேசியில் அதைப் பதிவுசெய்து எழுதிவைக்கட்டும். அப்பிள்ளைகளே பிறகு வழிகாட்டிகளாகட்டும். பெற்ற ஊரின் கதையைச் சொல்லிக் கௌரவமாய்க் கூலி வாங்குவதில் வெட்கமில்லை.

இந்தச் சபையிலுள்ளவர்களில் தனுஷ்கோடியிலிருந்து பிழைத்து வந்த பெரியவர்கள் யார் யார் வீட்டில் இருக்கிறார்களோ, அவர்கள் கூட்டம் கலைவதற்கு முன் காரியதரிசியவர்களிடம் வீட்டு இலக்கத்தையும் பெரியவர் பெயரையும் எழுதிக் கொடுத்துப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். காகிதமும் பேனாவும் வாசல் மேஜையில் இருக்கின்றன.