பெருவிரல் சொல்லும் சேதி

கிரான் பக்கத்து அம்மா ஒருவருக்குப் பித்தப்பையில் கல். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள், அவருக்கு மயக்கம் கொடுக்கப்போகும் வைத்தியராக வார்ட்டில் பார்க்கப் போனேன். "மனே, மயக்கம் தந்தா நான் எழும்புவனா?" என்று கேட்டார். பலருடைய பயமும் இதுதான்.

மயக்கம் என்பது ஒரே மருந்தல்ல. நித்திரைக்கு ஒன்று, நோவுக்கு ஒன்று, தசைகளைத் தளர்த்த இன்னொன்று. வயிற்றுத் தசை விறைத்து நின்றால் உள்ளே கை வைத்து வேலை செய்ய முடியாது. தென் அமெரிக்கப் பழங்குடிகள் வேட்டை அம்பில் பூசிய கியூராரே நஞ்சைத்தான் 1942இல் மொன்றியலில் ஹரோல்ட் கிரிஃபித்தும் ஈனிட் ஜோன்சனும் இதற்காகப் பயன்படுத்தினார்கள். இன்று அந்த வேலையை அட்ராகூரியம் போன்ற மருந்துகள் செய்கின்றன.

நஞ்சு என்றதும் வயல் வட்டையில் காவலுக்குப் படுக்கும் நேயர்களுக்கு எண்ணெய் விரியன் ஞாபகம் வரும். கடித்த இடம் பெரிதாக நோகாது. விடியும்போது இமை தூக்க முடியாது, பிறகு மூச்சும் அடங்கும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில்தான் அந்த விஷம் வேலை செய்கிறது. எங்கள் மருந்தும் அங்கேதான். ஆனால் நாங்கள் அளந்து கொடுக்கிறோம், மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, முடிவில் நியோஸ்டிக்மின் கொடுத்துத் தசைகளை மீட்கிறோம்.

தசைகள் மீண்டுவிட்டன என்று எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். பச்சைத் துணிக்கு வெளியே அந்த அம்மாவின் கை மட்டும் தெரிகிறது. பன்பாய் இழைத்துத் தடித்த பெருவிரல். மணிக்கட்டில், சின்னவிரல் பக்கமாக, இரண்டு ஒட்டிகள். அரைச் செக்கனுக்கு ஒன்றாக நான்கு மின்துடிப்புகள் போகும். பெருவிரல் நாலு தரம் உள்நோக்கித் துடிக்கும். மருந்து ஏற ஏற நாலாவது துடிப்பு மெலிந்து மறையும், பிறகு மூன்றாவது, இரண்டாவது. கடைசியில் விரல் அசையவே அசையாது. மருந்து இறங்கும்போது முதலாவது முந்தி வரும், நாலாவது கடைசியாக வரும். லிவர்பூலில் அலி, உட்டிங், கிரே என்ற மூவர் 1970களின் தொடக்கத்தில் வகுத்த முறை இது.

நாலாவது துடிப்பு, முதலாவதின் பத்தில் ஒன்பது பங்கு பலமாவது பெற்ற பிறகே தொண்டைக் குழாயை எடுக்க வேண்டும். ஆனால், நேயர்களே, பத்தில் நாலு பங்கு வந்ததுமே நாலும் ஒன்றுபோலத்தான் கண்ணுக்குத் தெரியும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இப்படித்தான். அந்த இடைவெளியில் குழாயை எடுத்தால் நெஞ்சு ஏறி இறங்கும், ஏனென்றால் மூச்சுத் தசை முந்தித் தேறிவிடும். தொண்டையோ இன்னும் தளர்ந்தே கிடக்கும். எச்சில் நுரையீரலுக்குள் இறங்கலாம். நோயாளிக்கு நினைவு இருக்கும், தலை தூக்கவோ வாய்விட்டுச் சொல்லவோ பலம் இருக்காது. அதனால்தான் இலக்கத்தில் அளந்து காட்டும் கருவி ஒவ்வொரு தியேட்டரிலும் வேண்டும் என்று நான் விடாமல் கேட்கிறேன். இதயத் துடிப்பைக் காட்டும் திரை இல்லாமல் நாங்கள் தொடங்குவதில்லையே!

நேரம் நெருங்கிவிட்டது. அந்த அம்மா நன்றாக எழும்பினார், இருமினார், தண்ணீர் கேட்டார். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுத் திரும்பப் பிந்தியிருந்தால், அல்லது உங்களுக்குப் பின்னேரங்களில் இமை தொங்கினால், மயக்க மருந்து வைத்தியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மருந்தையும் அளவையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம்.