எழுத்து மாற்றங்களின் பதிவேடு



புற்றுநோய் என்றவுடன் மருத்துவமனையும் அறுவைக் கத்தியும் கதிர்வீச்சு இயந்திரமும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ அவற்றுள் ஒன்றன்று. பட்டியல்களைப் பற்றியே பேசப் போகிறேன். காலமெல்லாம் சேர்க்கைப் பதிவேட்டோடும் வருகைப் பதிவேட்டோடும் வாழ்ந்த தலைமையாசிரியனுக்கு வேறு பேச்சு ஏது என்று நீங்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உண்டு. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல் அது எனலாம். தாயிடமிருந்து பெற்ற ஒரு படியில் மட்டும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். தந்தையிடமிருந்து பெற்றதும் அவ்வாறே. ஒரு புரதத்தை ஆக்கும் முறையைச் சொல்லும் பகுதியை மரபணு என்கிறோம். அதில் ஓர் எழுத்து மாறினால் சில வேளைகளில் ஒன்றும் நேராது. வேறு சில வேளைகளில் உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகுவதற்கு அதுவே வழி திறந்துவிடும். எந்த மாற்றம் தீயது, எது தீங்கற்றது என்பதை ஒரே ஒரு நோயாளியைக் கண்டு சொல்லிவிட இயலாது. பலரிடம் கண்டவற்றை ஓரிடத்தில் எழுதி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இவ்வகைப் பட்டியல் முதலில் புத்தகமாகவே வந்தது. அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் 65 புரதங்களின் அமைப்பு வரிசைகளைத் தொகுத்து 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதனால் யாருக்கு என்ன பயன் என்று ஐயுற்றவர்களுக்கு விடை 1983-இல் கிடைத்தது. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஸான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் டூலிட்டில் என்றொரு பேராசிரியர் இருந்தார். ஆராய்ச்சி இதழ்களில் வெளியாகும் புரத வரிசைகளையெல்லாம் தம் கணிப்பொறியில் சேர்த்து வருவது அவர் வழக்கம். அவற்றுள் ஒன்று, குரங்குகளுக்குப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸிலுள்ள மரபணு ஆக்கும் புரதம். வேறோர் ஆய்வுக் குழுவினர் புண் ஆறுவதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தனர். காயம் பட்ட இடத்தில் இரத்தத் தட்டணுக்கள் ஒரு புரதத்தை வெளியிடும். அது சுற்றியுள்ள உயிரணுக்களுக்கு, ‘பெருகுங்கள்’ என்று ஆணையிடும். அதன் வரிசை வெளிவந்ததும் டூலிட்டில் அதைத் தம் பட்டியலோடு ஒப்பிட்டார். வைரஸின் புரதமும் புண்ணை ஆற்றும் புரதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன! அதே ஆண்டில் லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டு குழுவினரும் தனியாக இதே முடிவுக்கு வந்தனர். புண் ஆறியதும் நிற்க வேண்டிய ஆணை நில்லாமல் ஒலித்துக்கொண்டே இருப்பது புற்றுக்கு ஒரு காரணம் என்பது இதனால் விளங்கிற்று. ஒருவர் புண்ணை ஆராய்ந்தார், மற்றொருவர் வைரஸை ஆராய்ந்தார்; இருவர் உழைப்பும் பட்டியலில்தான் சந்தித்தன.

இவ்வாறு ஒப்பிடும் வேலையை நொடிப் பொழுதில் முடிக்கும் ‘பிளாஸ்ட்’ என்னும் கணிநிரல் 1990-இல் வந்தது. அதனை இன்று எந்த மாணவரும் இணையத்தில் காசின்றிப் பயன்படுத்தலாம்.

ஆயினும் பட்டியலைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? அதற்கும் சான்று உண்டு. மார்பகப் புற்று சில குடும்பங்களில் வழிவழியாக வருவதற்குக் காரணமான மரபணு ஒன்று 17-ஆம் குரோமோசோமில் உள்ளது என்று 1990-இல் மேரி கிளேர் கிங் என்னும் அம்மையார் காட்டினார். பி.ஆர்.சி.ஏ.1 எனப்படும் அந்த மரபணுவின் வரிசை 1994-இல் கண்டறியப்பட்டது. அதற்குக் காப்புரிமை பெற்ற மிரியட் என்னும் அமெரிக்கக் கம்பெனி பல்லாண்டுகள் அந்நாட்டில் அச்சோதனையைத் தன் கையிலேயே வைத்திருந்தது. தொடக்கத்தில் தான் கண்ட எழுத்து மாற்றங்களைப் பொதுப் பட்டியலுக்கு அளித்து வந்த அந்நிறுவனம், 2004-ஆம் ஆண்டை ஒட்டி அதனை நிறுத்திக்கொண்டது. பணம் போட்டவன் பலனை எதிர்பார்ப்பது குற்றமன்று. ஆனால் விளைவைப் பாருங்கள். வேறோரிடத்தில் சோதனை செய்துகொண்ட பெண்ணுக்கு, ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று அறிக்கை வருகிறது. அதன் பொருள் பூட்டிய பெட்டகத்தில் இருந்திருக்கலாம். சினைப்பையை அகற்றிக்கொள்வதா, வேண்டாமா என்று அவள் எதைக்கொண்டு முடிவு செய்வாள்?

இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்று 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சோதனைக்கு வழி திறந்ததே ஒழியப் பெட்டகத்தைத் திறக்கவில்லை. மருத்துவர்கள் பலர் தம்மிடம் வந்த அறிக்கைகளிலிருந்து நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டுப் பொதுப் பட்டியலுக்கு அனுப்பலாயினர். அதே 2013-இல் தொடங்கிய ‘கிளின்வார்’ என்னும் அமெரிக்க அரசுத் தரவுத்தளத்தில் இன்று இலட்சக்கணக்கான மாற்றங்கள் பதிவாகியுள்ளன.

நம் நாட்டவருக்கு இதில் ஒரு குறை உண்டு. உலகப் பட்டியல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினரிடமிருந்து வந்தது. ஆகவே ‘தெளிவில்லை’ என்ற விடை நம்மவர்க்கு மிகுதியாகக் கிடைக்கிறது. இக்குறையைப் போக்க, சென்னை ஐ.ஐ.டி. 480 மார்பகப் புற்று மாதிரிகளை ஆராய்ந்து பாரதப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு ஒன்றை 2025-இல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. இது தொடக்கமே, 480 என்பது நம் மக்கள்தொகைக்கு மிகச் சிறிய எண்.

கிளின்வாரில் என்னைக் கவர்ந்தது ஒன்று. ஒவ்வொரு பதிவுக்கும் விண்மீன் குறிகள் உண்டு. தீர்ப்பு எவ்வளவு உறுதியாகச் சரிபார்க்கப்பட்டது என்பதை அவை காட்டும். இரண்டு ஆய்வகங்கள் மாறுபட்டால், ‘கருத்து முரண்’ என்று மறைக்காமல் எழுதிவிடுவார்கள். இரு தேர்வாளர்கள் ஒரே விடைத்தாளுக்கு வெவ்வேறு மதிப்பெண் இட்டால் நாம் அவ்வளவு வெளிப்படையாக இருந்தோமா என்பது ஐயமே! புதிய சான்று வரவரத் தீர்ப்பும் மாறும். ஆகவே முன்பு ‘தெளிவில்லை’ என்று விடை பெற்றவர் சில ஆண்டுகள் கழித்து மருத்துவரிடம் மீண்டும் கேட்பது தக்கது. அவ்வாறு பின்னர்த் தெளிவு பெற்ற மாற்றங்களுள் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிந்திருக்கின்றன.